பதினாலு வளைவும் ஒரு விசிலும்

"தாயி, என் வீட்ல ரெண்டு பேரு டிக்கெட் எடுக்காமப் போறாங்க. என்ன செய்யலாம்?"

கண்டக்டர் பவுன்ராஜ் கேட்டாரு.

டிரைவர் முத்துப்பேச்சி திரும்பிக்கூடப் பாக்கல. இடது கைய மட்டும் தூக்கி, தலைக்கு மேல அடிச்சிருந்த தகரத்தைத் தட்டிக் காட்டுச்சு.

'ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்.'

பேருதான் பேச்சி. ஸ்டீயரிங்கைப் பிடிச்சிட்டா பேச்சே கிடையாது.

பவுன்ராஜ் வாயை மூடிக்கிட்டாரு. மலை ஏறுற வரைக்கும், பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கும், மூடிக்கிட்டே வந்தாரு. அவரு வாய்க்கு அது சஷ்டி விரதம் மாதிரி.

கரட்டுப்பட்டிக்கும் பூலாமலைக்கும் ஓடுற மினி பஸ் அது. குரு பேச்சிக்கு வயசு முப்பத்திரண்டு. சீடன் பவுன்ராஜுக்கு நாப்பத்தஞ்சு.

குருன்னு யாரும் பட்டம் கட்டல. போன ஐப்பசில மழை கொட்டி, ஒன்பதாவது வளைவுல ரோடு பாதி சரிஞ்சு கிடந்துச்சு. ஐம்பது சனத்தை உள்ள வச்சுக்கிட்டு, பேச்சி மூணு வளைவு ரிவர்ஸ்லயே வண்டியக் கீழ கொண்டாந்து நிறுத்துச்சு. உள்ள ஆளாளுக்கு அலறல். ஒருத்தரு வேட்டிய அவுத்துப்போட்டுட்டு சாமி கும்பிட்டாரு. பேச்சி வாயைத் திறக்கல. நிறுத்தி இறங்குன பெறகு சொல்லுச்சு.

"அண்ணே, ஒரு டீ சொல்லுங்க."

அம்புட்டுத்தான்.

அன்னைல இருந்து பவுன்ராஜுக்கு எல்லாத்துக்கும் பேச்சிதான். பல்லு வலிச்சாலும் பேச்சி. மச்சினன் மொறைச்சாலும் பேச்சி. கேக்குறது ஒரு மணி நேரம் கேப்பாரு. பதில் மூணு வார்த்தைல வரும். சிலசமயம் அதுவும் வராது.

மேல, டீக்கடை பெஞ்சுல உக்காந்து பேச்சி கேட்டுச்சு.

"இப்பச் சொல்லுங்கண்ணே."

மடை திறந்துருச்சு.

"வீட்ல பிள்ளைங்களுக்குன்னு ஒரு போனு தாயி. பெரியவ சுபிக்‌ஷா, எட்டாங்கிளாஸு. சின்னவன் முகிலன், நாலாங்கிளாஸு. கையில போனு வந்துட்டா, வீட்டுக்கு இடி விழுந்தாலும் ரெண்டுக்கும் கேக்காது. அவ படம் பாக்குறா. இவன் வண்டி ஓட்டுறான்."

"வண்டியா?"

"கேம்ல. என்னா ஓட்டுங்குறே! எட்டு பேரு மேல ஏத்திப்புட்டு, ரெண்டு கடையை இடிச்சுப்புட்டு, 'அப்பா, ஜெயிச்சுட்டேன்'ங்குறான். இவனுக்கு எவன் லைசென்ஸு கொடுத்தது?"

பேச்சி டீயை ஆத்துச்சு.

"அதுக்குத்தான் நான் ஒரு சிஸ்டம் போட்டேன்."

சொல்லும்போதே பவுன்ராஜுக்கு நெஞ்சு ரெண்டு இஞ்சு கூடிருச்சு. பத்தொன்பது வருஷ சர்வீஸு. அவரு வண்டில டிக்கெட் இல்லாம ஒரு ஈ போனதில்ல. போனா இறக்கி விட்டுருவாரு.

"மெஷின் வந்த பெறகு பழைய டிக்கெட் கட்டு சும்மாதானே கெடக்கு? எடுத்துட்டுப் போனேன். பச்சை டிக்கெட்டு பத்து நிமிசம். ரோஸு இருவது. திங்கக்கிழமை காலைல ஆளுக்கு ஏழு கொடுப்பேன். போனைத் தொடணுமா? டிக்கெட்டை நீட்டு. கிழிப்பேன். நேரம் முடிஞ்சா ஒரு விசில். வை கீழ. பாடம் படிச்சாச்சா, ரெண்டு விசில். எடு."

"வீட்லயா விசிலு?"

"பின்னே? அது மட்டுமா? திடீர் செக்கிங் வேற. செருப்பைக் கழட்டிட்டு, கொல்லைப் பக்கமா, பூனை மாதிரி..."

பெஞ்சுல இருந்து எந்திரிச்சு நடந்தே காட்டுனாரு. டீ மாஸ்டர் பாலைப் பொங்கவிட்டுட்டு வேடிக்கை பாத்தாரு.

"அக்கா ஒண்ணும் சொல்லலையா?"

பவுன்ராஜ் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு சம்சாரம் ஜெயக்கொடி குரலை எடுத்தாரு.

"'இது வீடா, பஸ் ஸ்டாண்டா? நான் குளிக்கப் போறதுக்கும் டிக்கெட் எடுக்கணுமா கண்டக்டர் சார்?' இப்படிங்குறா."

"சிஸ்டம்தான் நல்லாருக்கே. பெறகு என்னண்ணே?"

பவுன்ராஜ் உக்காந்தாரு. குரலும் சேந்து உக்காந்துருச்சு.

"நான் வாசல்ல கால் வச்சதும் ரெண்டும் புத்தகத்தை விரிக்குது தாயி. தலைகீழா விரிக்குது. முன்னாடியெல்லாம் சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்தா பெரியவ என்னை விடமாட்டா. 'அப்பா, இன்னைக்கு யாரு ஏமாத்துனா, நடிச்சுக் காட்டுங்க'ம்பா. நான் பாசஞ்சரை நடிப்பேன். அவ அவங்க கணக்கு டீச்சரை நடிப்பா. என்னைய விட நல்லா நடிப்பா கழுதை."

"இப்ப?"

"இப்ப செக்கிங் பண்றதுக்கே நேரம் பத்தல. அவ என்கிட்ட பேசியே ரெண்டு மாசம் ஆச்சு. கேட்டா 'ம்'. அம்புட்டுத்தான். டிக்கெட் எடுக்காதவன்கூட நம்மகிட்ட ரெண்டு வார்த்தை சண்டை போடுவான். இவ அதுவும் போடமாட்டேங்குறா. என் பிள்ளை என்கிட்ட பேசணும் தாயி. அதுக்கு ஒரு வழி சொல்லு."

பேச்சி கிளாஸைக் கீழ வச்சுச்சு.

"ஏறுங்கண்ணே. நேரமாச்சு."

அடிவாரத்துல வண்டி நின்னுச்சு. பாசஞ்சரெல்லாம் இறங்குன பெறகு பேச்சி முன் சக்கரத்துக்கிட்ட போய் நின்னுச்சு.

"அண்ணே, இதுல கைய வைங்க."

வச்சாரு. பச்சப்பிள்ளையக் குளிப்பாட்டுற தண்ணி மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சு.

அந்நேரம் மலைல இருந்து ஒரு முட்டைக்கோஸ் லாரி இறங்கி வந்து பக்கத்துல நின்னுச்சு. சக்கரத்துல இருந்து புகை. கருகுன நாத்தம் மூக்கைத் துளைச்சுச்சு. லாரிக்காரரு குதிச்சு இறங்கி, வேர்த்து ஊத்த, வண்டியச் சுத்திச் சுத்தி வந்தாரு.

"இறக்கம் பூரா பிரேக்குல வச்ச காலை எடுக்கலம்மா. கடைசி வளைவுல பிடிக்கவே மாட்டேன்னுருச்சு. குலசாமி காப்பாத்துச்சு."

பேச்சி லாரிச் சக்கரத்தைக் காட்டுச்சு.

"இதுலயும் வைங்க."

அரையடி இருக்கும்போதே பவுன்ராஜ் கைய உதறுனாரு.

"ஆத்தாடி! தோசையே சுடலாம்."

பேச்சி தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

பவுன்ராஜ் அங்கயே நின்னாரு. கையப் பாத்தாரு. சக்கரத்தைப் பாத்தாரு. மூஞ்சில பல்பு எரிஞ்சுச்சு.

புரிஞ்சுருச்சு.

என்னத்தப் புரிஞ்சுச்சுன்னு மறுநாள் தெரிஞ்சுச்சு.

"தாயி! நீ தெய்வம் தாயி!"

டீ வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாரு.

"நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். வீட்டுக்குப் போறேன். ரெண்டும் படிக்குது. என்னா படிப்பு! ஐஏஎஸ் பரிச்சை தோத்துப் போகும். போனு அலமாரில ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி உக்காந்திருக்கு. எடுத்தேன். முதுகுல கைய வச்சேன். கொதிக்குது!"

பேச்சி அவரையே பாத்துச்சு.

"மாட்டிக்கிட்டாங்க ரெண்டு பேரும்! இந்த வாரம் மிச்சம் இருந்த டிக்கெட் பூரா கட் பண்ணிட்டேன். பத்தொன்பது வருஷத்துல எனக்கு இது தோணலையே. கைய வச்சா கள்ளன் அம்புட்டுருவான்னு ஒரே ஒரு சக்கரத்தை வச்சுச் சொல்லிக் கொடுத்துட்டியே!"

பேச்சி ரெண்டு கையயும் எடுத்துத் தலைல வச்சுக்கிச்சு.

பவுன்ராஜ் பதறிப் போனாரு.

"என்ன தாயி, தலையும் சுடுதா? காய்ச்சலா?"

அதுக்கு மறுநாள். வியாழக்கிழமை. பவுன்ராஜ் மூஞ்சி தொங்கிப் போயிருந்துச்சு. பெஞ்சு இருந்தும் உக்காரல.

"இன்னைக்கு என்னண்ணே?"

"நேத்து போனு ஜில்லுன்னு இருந்துச்சு."

"நல்லதுதானே?"

"பிரிட்ஜுக்குள்ள இருந்து எடுத்தேன் தாயி."

பேச்சிக்கு டீ புரையேறுச்சு.

"தக்காளிக்கும் தோசை மாவுக்கும் நடுவுல படுத்திருக்கு. போத்தி வேற விட்டிருக்கான், கருவேப்பிலையால. ஏன்டான்னு கேக்குறேன். 'அதுக்கு ரொம்ப சூடா இருந்துச்சுப்பா, பாவம்'ங்குறான்."

சின்னவன் குரல், சின்னவன் கண்ணு, சின்னவன் உருட்டுற உருட்டு, அத்தனையும் பவுன்ராஜ் மூஞ்சில வந்து போச்சு.

"மூளைக்காரன்"னு பேச்சி சொல்லுச்சு.

"யாரு மகன்?"

பவுன்ராஜ் மார்ல தட்டிக்கிட்டாரு. தட்டுன பெறகுதான், தான் கோவமா இருக்கோம்னு ஞாபகம் வந்துச்சு.

"சரி, விடு. கைய வச்சுப் பாக்குற வித்தையும் போச்சு. இப்ப என்ன செய்ய?"

பேச்சி எந்திரிச்சுச்சு.

"இன்னைக்கு முன்னாடி வந்து நில்லுங்க. என் காலையே பாருங்க. எத்தனை தரம் பிரேக்கை மிதிக்கிறேன்னு எண்ணுங்க."

ரெண்டு விசில். வண்டி கிளம்புச்சு.

இறக்கம் இன்னும் ஆரம்பிக்கல. ரோடு சமமாத்தான் போகுது. அங்கயே பேச்சி கியரைக் குறைச்சு ரெண்டாவதுல போட்டுச்சு. வண்டி, பிடிக்காத மாப்பிள்ளையப் பாத்த பொண்ணு மாதிரி முனக ஆரம்பிச்சுச்சு.

ங்ங்ஊஊஊம்.

முதல் வளைவு. ஒரு மிதி. ரெண்டாவது வளைவு. ஒரு மிதி. மூணாவதுல மிதியே இல்ல.

வளைவுக்கும் வளைவுக்கும் நடுவுல ரோடு கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி இறங்குது. பவுன்ராஜ் பேச்சி காலைப் பாத்தாரு. பிரேக்குல இல்ல. கிளச்சுல இல்ல. ரெண்டு காலும் தரையில சும்மா இருந்துச்சு.

"தாயி! காலு! காலைத் தூக்கி வை தாயி!"

பேச்சி தலைக்கு மேல தகரத்தைக் காட்டுச்சு.

வண்டி பாயல. துள்ளல. இடுப்புல குடத்தை வச்சுக்கிட்டு இறங்குற பொம்பளை மாதிரி, ஒரு சொட்டு சிந்தாம, அதும்பாட்டுக்கு இறங்குச்சு.

ங்ங்ஊஊஊம்.

கீழ வந்து நின்னதும் பேச்சி கேட்டுச்சு.

"எத்தனை?"

"பதினொண்ணு."

"மத்த நேரம் வண்டியப் புடிச்சது யாரு?"

"நீதான்."

"என் காலு சும்மால்ல இருந்துச்சு."

"அப்ப யாரு?"

பேச்சி பக்கத்துல இருந்த இன்ஜின் மூடியத் தட்டிக் கொடுத்துச்சு, உழுதுட்டு வந்த மாட்டைத் தட்டிக் கொடுக்குற மாதிரி.

"அதுவேதான்."

"அதுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"மேலயே கியரைப் போட்டேன்ல? இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

பவுன்ராஜ் தலையைச் சொறிஞ்சாரு.

"சரி தாயி. வண்டிக் கதை நல்லாருக்கு. என் வீட்டுக் கதைக்கு என்ன பதிலு?"

பேச்சி தண்ணி பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

அன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணி. பவுன்ராஜ் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, கொல்லைப் பக்கமா, பூனை நடை நடந்து அடுப்படிக்குள்ள எட்டிப் பாத்தாரு.

சுபிக்‌ஷா தரையில உக்காந்திருந்தா. மடியில போனு. கவுத்து வச்சிருந்தா. அதைப் பாக்கல. சுவத்தைப் பாத்துக்கிட்டிருந்தா.

ஒரு விசில்.

பிள்ளை தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சா.

பவுன்ராஜ் கைய நீட்டுனாரு. செக்கிங் இன்ஸ்பெக்டர் குரலு.

"டிக்கெட்டை எடு."

"இல்லப்பா. எல்லாத்தையும் கட் பண்ணிட்டீங்கல்ல."

"அப்ப வித்தவுட்டா?"

"ஆமா. வித்தவுட்டுதான்."

அவ போனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா.

"அப்பா, எனக்கு ஒரு டிக்கெட் கொடுங்கப்பா. ஒண்ணே ஒண்ணு. பச்சை போதும்."

"எதுக்கு?"

"உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். போன்ல இருக்கு. திங்கக்கிழமை புதுசு கொடுப்பீங்க, அப்பக் காட்டலாம்னுதான் இருந்தேன். அது வரைக்கும் என்னால முடியாதுப்பா."

விசில் பவுன்ராஜ் வாயில இருந்து நழுவிக் கயித்துல தொங்குச்சு.

"எத்தனை நாளா இருக்கு அது?"

"அஞ்சு நாளா."

பவுன்ராஜ் தரையில உக்காந்தாரு. கையில இருந்த செருப்பைக் கீழ வைக்கணும்னுகூடத் தோணல. அவ பக்கத்துல உக்காந்து போனைத் திறந்து காட்டுனா.

ரிதன்யான்னு ஒரு பேரு. ஒன்பதாவது படிக்கிறேன், பக்கத்து ஊரு ஸ்கூலுன்னு ஆரம்பிச்சிருக்கு. முதல்ல பூனை படம். அப்புறம் உன் ஸ்கூல் எது. வீடு எங்க. அப்பா எத்தனை மணிக்கு வருவாரு. அப்புறம் உன் போட்டோ அனுப்பு. அப்புறம் வேற மாதிரி போட்டோ.

கடைசியா வந்தது இது.

'அனுப்பலன்னா உன் விசில் அப்பாகிட்ட நீ திருட்டுத்தனமா போன் பாக்குறதைச் சொல்லிருவேன்.'

"விசில் அப்பாவா?"

"நீங்க வீட்ல விசில் ஊதுறதை நாந்தாம்பா சொன்னேன். சும்மா சிரிக்கிறதுக்கு."

பவுன்ராஜ் மூக்குல அந்த நாத்தம் அடிச்சுச்சு. கருகுன நாத்தம். திரும்பி அடுப்பைப் பாத்தாரு. அடுப்புல ஒண்ணும் இல்ல.

"அம்மாகிட்டயாவது சொல்லிருக்கலாமே தங்கம்."

"அம்மா உங்ககிட்ட சொல்லுவாங்க. நீங்க மொதல்ல டிக்கெட் எங்கன்னு கேப்பீங்க."

அவருக்கு அடுத்த கேள்வி கேக்க பயமா இருந்துச்சு. இருந்தும் கேட்டாரு.

"அனுப்புனியாடா?"

"இல்லப்பா."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட அனுப்பல. ஸ்கூல் பேருகூடச் சொல்லல. அது பொம்பளைப் பிள்ளையே இல்லப்பா. ரெண்டாவது நாளே எனக்குத் தெரிஞ்சுருச்சு."

"எப்படித் தெரிஞ்சுச்சு?"

சுபிக்‌ஷா மூக்கை உறிஞ்சிக்கிட்டா. கண்ணுல தண்ணி நிக்குது. இருந்தாலும் முதுகை வளைச்சு, கைய நெஞ்சுல வச்சு, பல்லைக் காட்டி, பாஸை வீட்ல மறந்துட்டு வந்த ஆளா ஆயிட்டா.

"'சார், சாமி சத்தியமா சார், எங்க அம்மா சத்தியமா சார், பாஸு வீட்ல இருக்கு சார்.' நீங்க நடிப்பீங்கள்ல, அந்த ஆளு மாதிரியே இருந்துச்சுப்பா. நான் ஒரு கேள்வி கேட்டா அது மூணு சத்தியம் பண்ணுச்சு. நீங்க சொல்லுவீங்கள்ல, நெசமா டிக்கெட் எடுத்தவன் சத்தியம் பண்ணமாட்டான், டிக்கெட்டைக் காட்டுவான்னு?"

"சொல்லுவேன்."

"உன் ஸ்கூல் ஐடி கார்டைக் காட்டுன்னேன். கடைசி வரைக்கும் காட்டவே இல்ல."

பவுன்ராஜ் அப்பத்தான் செருப்பைக் கீழ போட்டாரு. மக தலையை இழுத்துத் தோள்ல சாச்சுக்கிட்டாரு.

அப்பத்தான் ஜெயக்கொடி உள்ள வந்தா. போனை வாங்கிப் பாத்தா. ஒரு வார்த்தை திட்டல. ஒண்ணு விடாம எல்லாத்தையும் படம் பிடிச்சு வச்சா. அந்த ஆளு மறுபடி வரமுடியாதபடி பிளாக் பண்ணுனா. மறுநாள் மூணு பேருமா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு, அப்படியே கிளாஸ் டீச்சரையும் பாத்துட்டு வந்தாங்க.

மூணு நாள் பவுன்ராஜ் லீவு.

திங்கக்கிழமை காலைல, மலை மேல, அதே பெஞ்சு. பவுன்ராஜ் நடந்ததையெல்லாம் மெதுவாச் சொன்னாரு. யாரு குரலையும் எடுக்கல. டீ மாஸ்டருக்குக் கேக்காத மாதிரி சொன்னாரு.

பேச்சி கடைசி வரைக்கும் கேட்டுச்சு.

"இன்னைக்கு டிக்கெட் கொடுத்தீங்களா?"

"கட்டு காலி. சின்னவன் கப்பல் செஞ்சுட்டான்."

"விசிலு?"

"அது வண்டிக்கு மட்டும். இப்ப சோத்துத் தட்டுக்கு முன்னாடி நாலு பேரும் உக்காருறோம். போனை எடுக்குறதுக்கு முன்னாடியே சொல்லிரணும், என்ன பாக்கப் போறோம், எங்க இறங்குவோம்னு. நானும் சொல்லணுமாம். எனக்கு காமெடி பாக்க அரை மணி நேரந்தான் விட்டிருக்கா பெரியவ."

"சின்னவன் சொல்றானா?"

"நல்லாச் சொல்லுவான். நேத்து போனு மாவுக்குப் பின்னாடி இருந்துச்சு."

"அவன் இப்பத்தான் ரெண்டாவது வளைவுல வர்றான்."

பவுன்ராஜுக்குச் சிரிப்பு வரல. கிளாஸையே உருட்டிக்கிட்டிருந்தாரு.

"நான் தோத்துட்டேன் தாயி. பத்தொன்பது வருஷம் ஊரான் பிள்ளைங்க எத்தனை பேரை அடிவாரம் சேத்திருக்கேன். எம்பிள்ளை அஞ்சு நாளு தனியா கெடந்திருக்கு. நான் பூனை நடை நடந்துக்கிட்டிருந்திருக்கேன்."

பேச்சி டீயைக் குடிச்சு முடிச்சுச்சு. வாயைத் துடைச்சுச்சு.

"அந்த அஞ்சு நாள்ல பிள்ளை போட்டோ அனுப்புச்சா?"

"இல்ல."

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்ல தாயி."

"விசில் ஊதுனீங்களா?"

"எனக்குத் தெரியவே தெரியாதுங்குறேன், எங்கிட்டு ஊத?"

பேச்சி எந்திரிச்சுச்சு.

"அம்புட்டு இறக்கத்துல யாருண்ணே புடிச்சா?"

பவுன்ராஜ் நிமிந்து பாத்தாரு.

பேச்சி அதுக்குள்ள வண்டிக்குப் போயிருச்சு.

அவரு பெஞ்சுலயே உக்காந்திருந்தாரு. கீழ ரோட்டோட பதினாலு வளைவும் தெரிஞ்சுச்சு. ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே வந்தாரு. அடிவாரம் வரைக்கும் பாத்தாரு.

பேச்சி ஹாரன் அடிச்சுச்சு.

ஓடிப் போய் ஏறுனாரு. ஏறுன ஆளு வேற ஆளு. சட்டைப் பித்தான் ரெண்டு தெறிக்கிற மாதிரி நெஞ்சு. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வண்டி நடுவுல நின்னாரு.

"எல்லாரும் கேட்டுக்கோங்க!"

பேச்சி தலைக்கு மேல தகரத்தைத் தட்டுச்சு.

"உன்கிட்டயா பேசுறேன்? பாசஞ்சர்கிட்ட பேசுறேன் தாயி!"

வண்டியே திரும்பிப் பாத்துச்சு.

"பத்தொன்பது வருஷம் இந்தத் தொழில்ல இருக்கேன். சீட்டுக்கடியில ஒளிஞ்சவனைப் பிடிச்சிருக்கேன். மேல மூட்டைக்குள்ள படுத்தவனைப் பிடிச்சிருக்கேன். ஆனா 'நான் வித்தவுட்டு'ன்னு தானா முன்னாடி வந்து நின்னு, மூஞ்சிக்கு நேரா சொன்ன ஆளை நீங்க யாராச்சும் பாத்திருக்கீங்களா?"

"அப்படியெல்லாம் எவன்யா சொல்லுவான்?" பூண்டு மூட்டைய மடியில வச்சிருந்த பெரியவரு கேட்டாரு.

"நான் பாத்தேன்."

"நெசமாவா? யாரு கண்டக்டரே அது?"

பவுன்ராஜ் வாயைத் திறந்தாரு.

எத்தனை குரல் எடுத்த வாயி அது. அன்னைக்கு ஒரு குரலும் வரல. அவரு குரலும் வரல.

விசிலை எடுத்தாரு. ரெண்டு தரம் ஊதுனாரு.

பேச்சி மேலயே கியரைப் போட்டுச்சு.